கோருகிறவரே தீர்ப்பும் எழுதுகிறார்: தானியங்கிக் காப்புரிமைச் சோதனையும் நம் மேடை இசையும்

#1 சீவாளி

கும்பகோணம் வட்டாரத்தில் கல்யாணம், கும்பாபிஷேகம், நாதஸ்வரக் கச்சேரி எல்லாவற்றையும் நேரலையாக எடுத்துக் கொடுப்பது என் தொழில். போன ஆவணியில் ஒரு கல்யாணம். மேடையில் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். பதிவு செய்த இசை எதுவும் கிடையாது, ஒலிபெருக்கியில்கூட யாரும் பாட்டுப் போடவில்லை. ஊஞ்சல் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மணையில் உட்கார்ந்தாயிற்று. பெண்ணின் பாட்டி கனடாவிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கெட்டிமேளம் கொட்டுகிற நேரம் பார்த்து அங்கிருந்து போன்: "தம்பி, சத்தம் நின்னுபோச்சு."

மிக்சரில் மீட்டர் சிவப்பைத் தொட்டு ஆடுகிறது. ஹெட்போனில் தவில் காதைப் பிளக்கிறது. தளத்தில் மட்டும் ஊமைப்படம். அப்புறம்தான் கவனித்தேன், திரையின் ஓரத்தில் ஓர் அறிவிப்பு: உங்கள் ஒளிபரப்பில் வேறொருவருக்குச் சொந்தமான இசை இருக்கிறது. யாருக்குச் சொந்தம் என்று போய்ப் பார்த்தால், ஒரு மங்கல இசைத் தொகுப்பு. அதை வெளியிட்ட நிறுவனம் உரிமை கோரியிருக்கிறது. (எந்தத் தளம், எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். என் பிழைப்பு அங்கேதான் ஓடுகிறது.)

மறுப்பு எழுதினேன். நேரடியாக வாசித்தது, வித்வான்களின் பெயர் இது, எழுத்தில் சம்மதம் இருக்கிறது, வீடியோவிலேயே வாசிக்கிற விரல் தெரிகிறது என்று எல்லாம் சொன்னேன். ஒருவழியாகப் பதில் வந்தது. "உரிமைகோரல் உறுதி செய்யப்பட்டது." உறுதி செய்தது யார் என்று பார்த்தால், அதே நிறுவனம்!

இயந்திரம் தப்பாகக் கேட்டுவிட்டது, அது பரவாயில்லை. தவில் சத்தத்தில் மனுஷனுக்கே காது அடைக்கும். என் கேள்வி வேறு. என்மேல் புகார் கொடுத்தவரே என் மறுப்பைப் படித்து, அவரே தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்? இதை யார் அனுமதித்தார்கள்? நம் ஊர்ச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பின்வரிசை

அண்ணே, தாலி கட்டுற நேரத்துல சத்தம் போனா வீடியோக்காரனுக்கு மிச்சக் காசு வராதே! அதைச் சொல்லவே இல்லையே?

#3 சீவாளி

வரவில்லை. அதை விடுங்கள்.

#4 ஓசைநிரல்

ஒலிப் பொறியியல் பக்கம் வேலை செய்கிறேன். எப்படி இயங்குகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் "ஏஐ கேட்டுப் புரிந்துகொள்கிறது" என்று நினைக்கிறார்கள்.

உரிமையாளர் தன் ஒலிப்பதிவைத் தளத்திடம் மாதிரியாகக் கொடுக்கிறார். அதிலுள்ள அதிர்வெண்களின் உச்சங்கள் எந்த நொடியில் எங்கே விழுகின்றன என்பதை வைத்து ஒரு கைரேகை எடுக்கப்படுகிறது. நீங்கள் ஏற்றுவதற்கும் அதேபோல் எடுத்து, இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். இப்படி ஒப்பிடுகிற யூடியூபின் ஏற்பாடான கன்டென்ட் ஐடி 2007இல் வந்தது. முந்தைய ஆண்டுதான் கூகுள் யூடியூபை வாங்கியிருந்தது. 2007இல் வயாகாம் நிறுவனம் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அந்தச் சூட்டில் பிறந்த ஏற்பாடு இது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டது "புகார் வந்தால் எடுத்துவிடு" என்பதை மட்டும். ஏற்றும்போதே எல்லாவற்றையும் சோதித்துப் பார், எடுப்பதா, விளம்பரக் காசைத் திருப்பிவிடுவதா, சும்மா கண்காணிப்பதா என்பதை உரிமையாளரே முன்கூட்டித் தேர்ந்தெடுத்து வைக்கட்டும் என்று எந்தச் சட்டசபையும் விவாதித்து முடிவு செய்யவில்லை. இரண்டு பெரிய தரப்புகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள்.

நம் இசைக்கு இதில் மூன்று இடத்தில் சிக்கல்.

ஒன்று, எலக்ட்ரானிக் தம்புரா. ஆயிரக்கணக்கான பாட்டு வகுப்புகளிலும் ஆல்பங்களிலும் ஓடுவது அதே சில செயலிகளின் அதே ஒலித்துணுக்கு. ஒரு ஆல்பம் பத்து நொடி வெறும் சுருதியோடு தொடங்கினால், அந்தப் பத்து நொடியும் மாதிரிக்குள் போய்விடும். அதே கட்டையில் அதே செயலியைப் போட்டுப் பாடுகிறவர் எல்லாரும் பொருந்துவார்கள். 2018இல் ஆஸ்திரேலிய இசைத் தொழில்நுட்பக்காரர் செபாஸ்டியன் டொம்சாக், தானே உருவாக்கிய பத்து மணி நேர வெற்று இரைச்சல் வீடியோவுக்கு ஐந்து உரிமைகோரல்கள் வந்திருப்பதை வெளியிட்டார். இரைச்சலுக்கே சொந்தக்காரர்கள் ஐந்து பேர் என்றால் சுருதிக்கு எத்தனை பேர் வருவார்கள்!

இரண்டு, ஒலிப்பதிவை மட்டும் அல்லாமல் மெட்டையும் பொருத்திப் பார்க்கிறார்கள். ஒரே மெட்டில் ஒரே கீர்த்தனையை இருநூறு வருஷமாகப் பாடிவரும் மரபில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சீவாளி அண்ணனின் கெட்டிமேளத்தில் எது எதோடு பொருந்தியது என்று வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. மதிப்பெண் எவ்வளவு, வரம்பு எவ்வளவு, எந்த உச்சங்கள் என்று எதுவும் காட்டமாட்டார்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவே முடியாத வழக்கு.

#5 தனிப்பதிவு

எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கம் சொல்லிவிடுகிறேன். நான் சின்ன இசை வெளியீட்டு நிறுவனம் (லேபிள்) நடத்துகிறேன். ஐம்பது அறுபது ஆல்பம், பெரும்பாலும் கர்நாடக இசை, கொஞ்சம் தேவாரம் திருப்புகழ். சிடி போன பிறகு எங்களுக்கு வருகிற காசில் பெரும்பகுதி இந்தப் பொருத்திப் பார்க்கும் ஏற்பாட்டிலிருந்துதான் வருகிறது. எவனோ ஒருவன் எங்கள் ஆல்பத்தை முழுசாக எடுத்து, முருகன் படம் ஒன்றை ஒட்டி ஏற்றிவிடுவான். பல லட்சம் பேர் கேட்பார்கள். அதைத் தேடிப் பிடித்து வக்கீல் வைத்து நோட்டீஸ் அனுப்ப எங்களுக்கு வசதி கிடையாது. இயந்திரம் பிடித்துக்கொடுக்கிறது, பாடகிக்கு வருஷம் ஒரு தொகை போகிறது.

யூடியூபே கணக்கு வெளியிட்டிருக்கிறது. 2020 டிசம்பர் வரை இந்த வழியில் உரிமையாளர்களுக்குப் போனது 550 கோடி டாலர். 2021இன் முதல் பாதியில் வந்த உரிமைகோரல்கள் சுமார் 72 கோடி, மறுப்பு வந்தது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் சரியாக இருக்கிற ஒரு ஏற்பாட்டை நாலு கல்யாண வீடியோவுக்காகத் தூக்கிப் போடச் சொல்கிறீர்களா?

#6 சரளிவரிசை

மறுப்பு வரவில்லை என்பதும் சரியாக இருந்தது என்பதும் ஒன்றா சார்? அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள். மறுத்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஜெயித்தார்கள். சுமார் 22 லட்சம் உரிமைகோரல்கள் விழுந்தன, வெறும் ஆறு மாதத்தில்.

மீதிப்பேர் ஏன் மறுப்பதில்லை என்று என் மாணவிகளைக் கேளுங்கள். நான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன், பாதி ஆன்லைனில். ஒரு பெண் தன் வர்ணத்தை ஏற்றினாள், உரிமைகோரல் வந்தது. "மறுத்துப் பார், நீதானே பாடினாய்" என்றேன். மறுத்தால் அவர்கள் விடாப்பிடியாக நின்று நீக்கக் கோரிக்கை கொடுப்பார்கள், அப்புறம் ஸ்ட்ரைக் என்கிற எச்சரிக்கை விழும், மூன்று விழுந்தால் சேனலே போய்விடும் என்று எங்கேயோ படித்துவிட்டு, "வேண்டாம் டீச்சர், விளம்பரக் காசு அவங்களுக்கே போகட்டும்" என்றாள். அவளுடைய சேனலில் விளம்பரக் காசு என்று எதுவும் இல்லை. ஆனால் அவள் பாடிய வர்ணத்தின் கீழே வேறொருவர் பெயர் இன்னும் நிற்கிறது. உங்கள் கணக்கில் அவள் தொண்ணூற்றொன்பதில் சேர்த்தி.

இன்னொன்றும் நடக்கிறது, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிள்ளைகள் பாடுகிற முறை மாறுகிறது. ஏற்றுவதற்கென்று பாடும்போது முதலில் சுருதியை மட்டும் கேட்க விடுவதில்லை, நேராகப் பாட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஒருத்தி பல்லவி முதல் அடிக்கு நடுவே பேச்சுக் குரலில் ராகம் தாளம் சொல்கிறாள். ஏன் என்றால் "அப்பத்தான் மாட்டாது". பிரபலமான பாடாந்தரத்தில் (குருவழி வந்த பாடும் முறையில்) பாடினால் மாட்டும் என்று சங்கதியை (ஒரு அடியைப் பாடும் வகையை) மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். குருவிடம் கேட்டு வந்த சங்கதியை ஒரு மென்பொருளுக்குப் பயந்து மாற்றுவது என்றால், பாட்டு சொல்லிக்கொடுப்பது நானா அதுவா? திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்னத்தை நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே பாடாந்தரத்தில் சேர்ந்து பாடுவதுதானே அழகு? ஒரே மாதிரி பாடுவதை மதிக்கிற கலை இது. ஒரே மாதிரி இருந்தால் திருட்டு என்று எண்ணுகிற இயந்திரம் அது.

தியாகராஜர் மறைந்தது 1847, தீட்சிதர் 1835, சியாமா சாஸ்திரி 1827. இவர்கள் பாட்டுக்கு யார் உரிமையாளர் என்று கேட்பதே அபத்தம்.

#7 தனிப்பதிவு

பாட்டுக்கு இல்லை அம்மா, எங்கள் ஒலிப்பதிவுக்கு. இரண்டும் வேறு.

#8 சரளிவரிசை

அந்த வித்தியாசம் உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதற்குத் தெரிகிறதா?

#9 பின்வரிசை

இதெல்லாம் பழைய கதை. இப்போ ஏஐ செத்துப்போனவங்க குரலிலேயே பாடுது. 2024ல ரகுமான் படத்துல பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் கொண்டுவந்தாரே, அதைப் பேசுவோமா?

#10 மட்டுறுத்துநர்

குடும்பத்திடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்தோம் என்று அவர் அப்போதே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். பேச வேண்டிய விஷயம்தான், ஆனால் தனி இழை தொடங்குங்கள். இங்கே காப்புரிமைச் சோதனை மட்டும்.

#11 வக்கீல்குமாஸ்தா

சீவாளி கேட்ட கேள்விக்கு வருகிறேன். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், குமாஸ்தாவாக இருந்து வக்கீல் ஆனவன்தான். பொதுவான விளக்கம் இது, உங்கள் வழக்குக்கான ஆலோசனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. பிரிவு 52(1)(சி)யும் 2013 விதிகளில் 75ஆம் விதியும் சேர்ந்து சொல்வது இதுதான்: உரிமையாளர் எழுத்தில், விவரத்தோடு புகார் கொடுக்க வேண்டும். தளம் திருப்தி அடைந்தால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். நிறுத்தி வைப்பது 21 நாள். அதற்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவரவில்லை என்றால் தளம் திரும்ப விடலாம். அதாவது நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய சுமையைப் புகார் கொடுத்தவர் தலையில் வைத்தது நம் பாராளுமன்றம்.

இப்போது தளத்தின் நடைமுறையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யூடியூபில் நீங்கள் மறுத்தால், கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள். அவர் "உறுதி" என்று ஒரு பொத்தானை அழுத்தினால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். அதையும் படிப்பவர் அவரே. அதற்குப் பிறகும் அவர் விடாவிட்டால் முறையான நீக்கக் கோரிக்கை, உங்களுக்கு ஸ்ட்ரைக். அதை எதிர்த்து நீங்கள் எதிர் அறிவிப்பு கொடுத்தால் மட்டுமே அவர் வழக்குப் போட வேண்டிய கட்டம் வருகிறது. சட்டத்தில் முதல் படியாக இருப்பது இங்கே கடைசிப் படி. அதுவரை ஏறிவருகிற தைரியம் எத்தனை பேருக்கு? அந்த மாணவிக்கு இல்லை.

இது எப்படிச் செல்லுபடி ஆகிறது என்றால், தளத்தில் கணக்குத் தொடங்கும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனை. சட்டப்படியான நீக்கம் வேறு, ஒப்பந்தப்படியான உரிமைகோரல் வேறு என்பார்கள். சட்டத்தைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஒப்பந்தம் முன்னால் போகிறது.

கல்யாணம் பற்றி: பிரிவு 52(1)(இசட்ஏ) என்று ஒன்று இருக்கிறது. உண்மையான சமயச் சடங்கில் இசையை நிகழ்த்துவது மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் சேரும் என்று விளக்கமே அந்தப் பிரிவில் எழுதியிருக்கிறது. 2023 ஜூலையில் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இதை நினைவூட்டி ஒரு பொது அறிவிப்பும் வெளியிட்டது, மண்டபங்களில் ராயல்டி கேட்டுத் தொந்தரவு என்று புகார் வந்ததால். அந்த விலக்கு இணைய நேரலைக்கும் நீளுமா என்பதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் இயந்திரத்துக்கு அந்த வாதமே எட்டாது. மணவறை எது, கச்சேரி மேடை எது, வியாபாரம் எது என்று அது பார்ப்பதில்லை. சட்டத்தில் விலக்கு என்று இருப்பதெல்லாம் சூழ்நிலையைப் பொறுத்தது. கைரேகையில் சூழ்நிலை கிடையாது.

கடைசியாகப் பிரிவு 60. ஆதாரமில்லாமல் காப்புரிமை வழக்கு மிரட்டல் விட்டால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போய் "நான் மீறவில்லை" என்று அறிவிக்கக் கேட்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம். தானியங்கி உரிமைகோரல் "மிரட்டல்" ஆகுமா என்பதுதான் அங்கே நடக்க வேண்டிய சண்டை. முறையான நீக்கக் கோரிக்கை வரை போய்விட்டால் வாதம் இன்னும் பலமாகும் என்பது என் கருத்து.

#12 சீவாளி

வக்கீல் சார், தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. ஆனால் ஒரு கல்யாணத்துக்கு நான் வாங்குவது உங்கள் முதல் வாய்தாவுக்கே காணாது.

#13 வக்கீல்குமாஸ்தா

அது உண்மைதான்.

#14 எழுபத்தெட்டு

பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டு சேகரிக்கிறவன். என் சங்கடம் வேறு மாதிரி. நம் நாட்டில் ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு வெளியான ஆண்டுக்குப் பின் 60 வருஷம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956. அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த தோடி ஆலாபனைத் தட்டுக்கு இந்தியாவில் ஒலிப்பதிவு உரிமை முடிந்து வருஷங்கள் ஆகின்றன. என் கையில் இருக்கும் தட்டை, என் ஊசியில் ஓட்டி, கீறல் சத்தத்தோடு எடுத்து ஏற்றினேன். உடனே உரிமைகோரல். அதே தட்டை யாரோ சுத்தம் செய்து டிஜிட்டலில் விற்கிறார்கள். என்னிடம் இருப்பது அவர்களுடையது என்று ஆகிவிட்டது.

மறுப்பு எழுதும்போது காரணப் பட்டியலில் "பொது உடைமை" என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். வெளியீட்டு ஆண்டு, தட்டு எண், லேபிள் படம் மூன்றையும் எழுதுங்கள். சில நேரம் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கவனம், பாட்டு இருந்தால் கணக்கு வேறு. சாகித்யத்துக்கும் (பாட்டு வரிகளுக்கும்) மெட்டுக்கும் இயற்றியவர் ஆயுளோடு 60 வருஷம். பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார், ஆகவே 2033 முடிய ஓடும். அமெரிக்காவிலோ 1972க்கு முந்திய ஒலிப்பதிவுகளுக்கு 2018இல் ஒரு தனிச் சட்டம் போட்டு வேறு கணக்கு வைத்துவிட்டார்கள். நாடு நாடாக மாறுகிற இந்தக் கணக்கைக் கோருகிறவர் நாடு நாடாகத்தான் குறிக்க வேண்டும். பலர் உலகம் முழுவதற்கும் என்று ஒரேயடியாகக் குறித்துவிடுகிறார்கள். தப்பாகக் குறித்ததற்காக எவரும் ஒரு ரூபாய் அபராதம் கட்டியதை நான் பார்த்ததில்லை.

பாரதி பாட்டை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கி, பிறகு மக்களுக்கே கொடுத்தது. இசைத்தட்டு உரிமையை வைத்திருந்த ஏவி. மெய்யப்பன் காசு வாங்காமலே விட்டுக்கொடுத்தார். அப்படி விடுதலை ஆன பாட்டைப் பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாடினால் இன்று யாரோ ஒரு நிறுவனத்தின் பெயர் கீழே வந்து உட்கார்கிறது. அரசு செய்ததை இயந்திரத்துக்குச் சொல்ல ஒரு கட்டமே இல்லை.

#15 ஓசைநிரல்

தப்பாகக் கோரினால் தண்டனை இல்லை என்பதற்கு எல்லை எங்கே என்று பாருங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் இரண்டு பேர், 50,000க்கும் மேற்பட்ட பாடல்கள் தங்களுக்குச் சொந்தம் என்று சொல்லி, இடைத்தரகு நிறுவனம் வழியாக இந்த ஏற்பாட்டுக்குள் நுழைந்தார்கள். பெரும்பாலும் லத்தீன் இசை. 2017 முதல் நாலு வருஷம் அவர்கள் சுருட்டியது 2.3 கோடி டாலருக்கு மேல். 2023இல் அதில் ஒருவருக்கு 70 மாதச் சிறை. பிடித்தது குற்றவியல் நீதிமன்றம். அத்தனை வருஷமும் மென்பொருளுக்கு அவர்கள் நல்ல உரிமையாளர்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2021இல் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் ஒருவர் காவல் நிலையத்தில் இன்ஸ்டாகிராமில் நேரலை செய்துகொண்டிருந்தபோது, அங்கிருந்த போலீஸ் அதிகாரி தன் கைப்பேசியில் பிரபல பாட்டு ஒன்றை ஓடவிட்டார். அதே வருஷம் ஓக்லாந்திலும் இப்படி நடந்தது; அங்கே இருந்த அதிகாரி, வீடியோ யூடியூபில் ஏறக்கூடாது என்பதற்காகத்தான் போடுகிறேன் என்று கேமரா முன்னாலேயே சொன்னார். பாட்டுக்காரரின் உரிமையைக் காக்க வந்தது போலீஸ்காரரின் கையில் வாய்ப்பூட்டு ஆகிவிட்டது.

#16 ஹம்மூரான்

வணக்கம். யாழ்ப்பாணம், இப்ப ஜெர்மனி. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாவை இங்கத்தைய பெடியள் நேரலையாகப் போடுவார்கள். தவில் நாதஸ்வரம் வாசிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வித்துவான்கள் வருவார்கள். எங்களுக்கும் இதே தலையிடிதான், ஆனபடியால் இங்கத்தைய சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஒரு காப்புரிமை உத்தரவு கொண்டுவந்தது. அதன் 17ஆம் பிரிவு தளங்களுக்குப் பொறுப்பைக் கூட்டியது. இனிச் சோதனை இயந்திரம் எல்லா இடமும் வரும் என்று பெரிய எதிர்ப்பு. போலந்து வழக்குப் போட்டது. 2022 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தப் பிரிவை நிற்க விட்டது, ஆனால் சட்டபூர்வமான உள்ளடக்கத்தைத் தடுக்கிற சோதனை கூடாது என்றும் சொன்னது.

ஜெர்மனி அதைத் தன் சட்டமாக எழுதிய விதம்தான் எனக்குப் பிடித்தது. 2021 ஆகஸ்ட் முதல் நடைமுறை. 15 நொடிக்கு மேற்படாத ஒலியோ படக்காட்சியோ, முழுப் படைப்பில் பாதிக்குக் குறைவாக, வேறு உள்ளடக்கத்தோடு கலந்து இருந்தால், அது அனுமதிக்கப்பட்டது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். முறைப்பாடு முடியும்வரை தூக்க ஏலாது. முறைப்பாட்டை ஒரு கிழமைக்குள் முடிக்க வேண்டும். முடிவெடுப்பது பக்கச் சார்பில்லாத மனிதராக இருக்க வேண்டும். மனிதர் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்! திரும்பத் திரும்பப் பொய்யாக உரிமை கோருகிறவரைத் தளம் அந்த நடைமுறையிலிருந்து சில காலம் விலக்கி வைக்க வேண்டும். பொது உடைமையான படைப்புக்குப் பிழையாகத் தடை கேட்டிருந்தால், அது மறுபடி தடைபடாமல் பார்ப்பது தளத்தின் கடமை.

இதெல்லாம் ஒழுங்காக நடக்குதா என்றால், கோயில் பெடியள் இன்னும் புறுபுறுக்கத்தான் செய்கிறார்கள். 15 நொடிக்குள் எந்த மல்லாரி (சுவாமி புறப்பாட்டில் வாசிக்கிற இசை) முடியும்? ஆனால் கேள்வி கேட்க ஒரு பிரிவு இருக்கிறது. போன முறை நாங்கள் எழுதின முறைப்பாட்டில் பிரிவு எண்ணைப் போட்டு எழுதினோம், சத்தம் திரும்ப வந்தது.

#17 தனிப்பதிவு

ஜெர்மனி அண்ணன் சொன்ன கடைசிப் பகுதியை நான் எதிர்க்கவில்லை. என் பயம் வேறு. 15 நொடி விடு, மனுஷனை வை என்றால் செலவு. அந்தச் செலவைப் பெரிய தளம் தாங்கும். நாளைக்கு நாமே ஒரு சின்னத் தமிழ் இசைத் தளம் தொடங்கினால் தாங்குமா? விதி கூடக் கூடப் பெரியவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

பெரிய கம்பெனிகளும் மனுஷன் பார்க்காமல்தான் பதில் அனுப்புகின்றன. 2018இல் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தன் வீட்டில் பாக் வாசித்து ஃபேஸ்புக்கில் போட்ட வீடியோவில் 47 நொடி தன்னுடையது என்றது சோனி. பாக் மறைந்தது 1750. அவர் மறுத்தார், சோனி விடவில்லை. ட்விட்டரில் சத்தம் போட்ட பிறகுதான் இறங்கி வந்தது.

#18 சரளிவரிசை

அவருக்கு ட்விட்டரில் ஆட்கள் இருந்தார்கள். தவில்காரருக்கு யார் இருக்கிறார்கள்? ஊரறிந்த கலைஞர் சத்தம் போட்டால் மனிதர் வந்து பார்ப்பார், மற்றவர்களுக்கு இயந்திரம் போதும் என்றால் அதை முறை என்று எப்படிச் சொல்வது?

சின்னத் தளம் தாங்காது என்பதற்கும் பதில் உண்டு. ஐரோப்பியப் பிரிவிலேயே புதிய சின்னத் தளங்களுக்குப் பொறுப்பைக் குறைத்திருக்கிறார்கள். பெரியவருக்கு ஒரு விதி, சின்னவருக்கு ஒரு விதி என்று எழுதுவது ஒன்றும் முடியாத காரியம் இல்லை. இங்கே அப்படி எழுதச் சொல்லி யார் கேட்டார்கள்? சபாக்கள் கேட்டனவா? இசைக் கல்லூரிகள் கேட்டனவா? டிசம்பர் சீசனில் கேன்டீன் மெனு பற்றி வருகிற எழுத்தில் பத்தில் ஒரு பங்கு இதைப் பற்றி வந்ததா?

#19 பின்வரிசை

கேன்டீனை ஏன் இழுக்குறீங்க மேடம், அது ஒண்ணுதான் ஒழுங்கா நடக்குது.

#20 வக்கீல்குமாஸ்தா

சரளிவரிசை அம்மா கேட்டது நியாயம். சட்டத்தைப் பெரிதாக மாற்ற வேண்டியதுகூட இல்லை, 75ஆம் விதியில் இரண்டு வரி சேர்த்தாலே பாதிச் சிக்கல் தீரும். தானியங்கி முறையில் ஒலியை நிறுத்தினாலும் வருமானத்தைத் திருப்பினாலும் அதையும் "புகார்" என்றே கருத வேண்டும், ஆகவே 21 நாள் கணக்கு அதற்கும் ஓடும் என்பது ஒன்று. மறுப்பை முடிவு செய்கிறவர் கோரியவராக இருக்கக்கூடாது என்பது இன்னொன்று. விதி என்பதால் பாராளுமன்றத்தில் புதுச் சட்டம் கொண்டுவரத் தேவையில்லை. ஒப்பந்தத்தைக் காட்டித் தளங்கள் வழக்காடும், அது நடக்கட்டும். குறைந்தபட்சம் வழக்கு பெரியவர்களுக்குள் நடக்கும்.

#21 தனிப்பதிவு

சரி, என் அளவில் செய்யக்கூடியதைச் செய்கிறேன். யூடியூப் விதியிலேயே, முழுக்கத் தனக்கு மட்டுமே சொந்தமானதைத்தான் மாதிரியாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. எங்கள் விநியோகஸ்தர் ஆல்பம் ஏற்றும்போது ஒரு பெட்டியில் டிக் அடித்தால் எல்லாப் பாட்டும் மொத்தமாக மாதிரிக்குள் போய்விடும். இதுவரை எல்லாவற்றுக்கும் அடித்துக்கொண்டுதான் வந்தோம். இன்று பட்டியலைத் திறந்து பார்த்தேன். தியானத்துக்கு என்று வெறும் தம்புரா ஒரு மணி நேரம் போட்ட தடம் இருக்கிறது, வாங்கிய செயலியில் எடுத்தது. எங்களுக்கு மட்டும் சொந்தம் என்று எப்படிச் சொல்வது? எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன். ஆல்பங்களின் முதல் சில நொடி சுருதியையும் மாதிரியிலிருந்து வெட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.

ஓசைநிரல், உங்களிடம் ஒரு கேள்வி: ஆலாபனைக்குக் கீழே ஓடும் சுருதியை என்ன செய்வது? அதை வெட்ட முடியாதே.

#22 ஓசைநிரல்

அதை வெட்ட வேண்டாம். மேலே குரல் இருந்தால் உச்சங்கள் குரலோடு போகும். வெறும் சுருதி ஓடும் இடங்கள்தான் ஆபத்து: தொடக்கம், பாட்டு முடிந்து அடுத்ததற்கு முன் வரும் இடைவெளி, கடைசியில் மெல்ல அடங்குவது. தடத்தின் பெயரையும் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை என்பதையும் எழுதி அனுப்புங்கள், ஒரு அட்டவணை போட்டுத் தருகிறேன். விநியோகஸ்தரிடம் அப்படியே கொடுக்கலாம்.

#23 சீவாளி

தனிப்பதிவு சார், அந்தப் பட்டியலில் நாதஸ்வர ஆல்பம் ஏதாவது இருக்கிறதா?

#24 தனிப்பதிவு

மூன்று இருக்கிறது. ஓசைநிரல் அட்டவணை போடட்டும், மூன்றையும் முதலில் அனுப்புகிறேன்.